ஒருவரும் வராத செத்தவீடு

உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு என்று எங்காவது வாசித்தால், எனக்கு முதலில் மட்டன் ரோல்ஸின் மணம்தான் நினைவுக்கு வரும். ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு மண்டபத்தில், எங்கள் நாட்டுக்கு அப்படியொரு ஆணைக்குழு எப்படி அமைய வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுவதும் கூடிக் கூடிப் பேசினோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வீட்டில் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவார். கூட்டம் தொடங்கும்போது சூடாக இருக்கும். முடியும்போது பாதித் தட்டு அப்படியே ஆறிக் கிடக்கும். சண்டை போடும் வாய்களுக்குச் சாப்பிட நேரம் கிடைப்பதில்லை.

நோர்வே நடுநின்று இலங்கையில் போர்நிறுத்தம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒஸ்லோத் தமிழர்களாகிய நாங்கள் அந்த நாட்களில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தோம் என்று நினைக்கிறேன். நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், அதுவரை என் நாட்டைப் பற்றி ஒரு சொல் கேட்டிராத ஆசிரியர்கள்கூடக் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மறித்து, பேச்சுவார்த்தை எப்படிப் போகிறது என்று விசாரித்தார்கள். சமாதானம் வந்தால் அடுத்ததாக உண்மையும் நல்லிணக்கமும் வரும், அதற்கு வெளிநாட்டில் இருக்கும் உங்கள் குரலும் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு நோர்வேஜியப் பெண்மணி சொன்னார். அவரையே தலைமை தாங்கக் கேட்டோம். தமிழர் ஒருவர் தலைமை தாங்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் என் மகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். நோர்வேயில் பிறந்தவள், அப்போது பதினாறு வயது.

முதல் கூட்டத்திலேயே எந்த ஆண்டிலிருந்து விசாரிப்பது என்பதில் மாட்டிக்கொண்டோம். எண்பத்து மூன்று என்றார் ஒருவர். ஐம்பத்தெட்டை என்ன செய்வது என்று ஒரு முதியவர் எழும்பினார். அந்தக் கலவரத்தில் தகப்பனை இழந்தவர். பழையதை எல்லாம் கிண்டாமல் கடைசிப் பெரிய இடப்பெயர்விலிருந்து தொடங்கலாம் என்றார் மூன்றாமவர். "அப்ப யாழ்ப்பாணத்திலையிருந்து முஸ்லிம் ஆக்களை ஒரே நாளிலை அனுப்பினது?" என்று ஒரு பெண் கேட்டார். தலைமை தாங்கியவர் வெள்ளைப் பலகையில் ஓர் ஆண்டை எழுதுவதும் அழிப்பதுமாக நின்றார்.

"எங்கடை ஆக்களுக்குத் தங்கடை வீட்டுச் சாவு நடந்த அண்டுதான் சரித்திரம் தொடங்குது" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எந்த ஆண்டை எழுதினாலும் யாரோ ஒருவருடைய இறந்தவர் கோட்டுக்கு வெளியே போய்விடுவதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இரண்டாவது கூட்டத்தில் ஆண்டை ஒத்திவைத்துவிட்டு, விசாரணையின் எல்லையை ஒரு வசனமாக எழுதினார்கள். 'அரச படைகளால் கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும்' என்று அது தொடங்கியது. கை உயர்த்தச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. மகள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைத் தேடினாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"அப்பா, அந்த வசனத்துக்குள்ளை பெரியப்பா இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே கை உயர்த்தினனீங்களோ?"

"நான் உயர்த்தேல்லை. தேத்தண்ணி எடுக்கப் போனனான்."

"அது இன்னும் ஃபெய்க், அப்பா."

ஃபெய்க் என்றால் கோழைத்தனம். நோர்வேஜியச் சிறுவர்கள் விளையாட்டு மைதானத்தில் ஒருவரை ஒருவர் திட்டும் சொல். என் பிள்ளையின் வாயிலிருந்து அது எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

என் அண்ணனை எண்பத்தாறாம் ஆண்டு சுட்டார்கள். சுட்டவர்கள் இராணுவம் இல்லை, எங்கள் இயக்கப் பெடியன்கள். இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த காலம் அது. தோற்றுப்போன இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் பசியோடு வேலிப் படலையில் வந்து நின்றபோது, அண்ணன் கூப்பிட்டுச் சோறு போட்டார். குற்றம் அவ்வளவுதான். அடுத்த நாள் காலை சந்தியில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'துரோகி' என்று எழுதியிருந்ததாம். நான் அப்போது வடநோர்வேயில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். செய்தி வந்து சேர்ந்தபோது சடங்குக்குரிய முப்பத்தோராம் நாளும் கழிந்துவிட்டது. அந்த ஊரில் சூரியன் வராத மாதம் அது. அன்று பிடித்த பயம் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால், யார் என்று தெரியும்வரை நான் பூட்டைத் திறப்பதில்லை.

இதை வீட்டில் நாங்கள் ஒளித்ததில்லை. மகளுக்கு எல்லாம் தெரியும். வெளியில் மட்டும், "பிரச்சினையிலை செத்தவர்" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். கேட்பவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. இந்த நகரத்தில் பாதி வீடுகளில் அப்படியொரு படம் சுவரில் தொங்குகிறது.

"அடுத்த கூட்டத்திலை நான் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லப்போறன்" என்றாள் மகள்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "நீ இஞ்சை கதைப்பாய், கதைச்சுப்போட்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் போவாய். அங்கை பெரியம்மா தனிய இருக்கிறா. அதை யோசிச்சனீயோ?"

எனக்கும் பயம் அதுதான். போர்நிறுத்தக் காலம் என்றாலும் ஊரில் அங்கொருவர் இங்கொருவராக ஆட்கள் சுடப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒஸ்லோவில் ஒரு மண்டபத்தில் சொன்னது மறுநாள் யாழ்ப்பாணத்துச் சந்தியில் கேட்கும். நாடு முழுவதற்கும் ஓர் ஆணைக்குழு வந்து, சாட்சி சொல்ல வாருங்கள் என்று கூப்பிட்டால், அண்ணி போன்றவர்கள் எதை நம்பி வீட்டை விட்டு வெளிக்கிடுவார்கள்? சாட்சி சொல்லிவிட்டு இரவு அதே ஒழுங்கைக்கு, அதே ஒடுங்கிய தெருவுக்குத்தானே திரும்பி வரவேண்டும்? கூட்டத்தில் நான் கேட்க நினைத்த கேள்வி இது. கேட்பதற்கும் எனக்குத் துணிவு வரவில்லை.

"பெரியம்மாவைக் கேட்டனீங்களோ?" என்றாள் மகள்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கேட்கவில்லை. ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணியின் வீட்டுக்குத் தொலைபேசி வந்ததே போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார், பிரச்சினை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு எடுத்தேன்.

"அண்ணி, பிள்ளை ஒரு கூட்டத்திலை அண்ணையைப் பற்றிக் கதைக்கப் போறாளாம். நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன்."

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

"உங்களுக்கு ஏதும் கரைச்சல் வந்தால்..."

"தம்பி, எனக்காகப் பயப்பிடுறதுக்கு ஆக்கள் நிறைய இருக்கினம். ஒருத்தராவது என்னட்டைக் கேட்டுப்போட்டுப் பயப்பிடுகினமோ?"

அவரே தொடர்ந்தார்.

"ஆர் சுட்டதெண்டு அவள் சொல்ல வேண்டாம். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். சுட்டவன் பிறகு சண்டையிலை செத்துப்போனான். தாய் இஞ்சைதான் இருக்கிறா, சந்தையிலை காணுறனான். அந்த மனிசியை நான் என்னத்தைக் கேக்க?"

"அப்ப என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்?"

"செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லையெண்டு சொல்லச் சொல்லுங்கோ."

எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளிக்கலாம். செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் அந்த இரண்டு குடும்பங்களும் அதோடு பேச்சை விட்டுவிடும். காணி வழக்கில் எதிரெதிராக நிற்பவர்கள்கூட வந்து, முற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். என் அண்ணனின் செத்தவீட்டுக்கு ஊரில் ஒருவரும் வரவில்லை. பறையடிக்க ஆள் வரவில்லை. ஐயர் வரவில்லை. ஒழுங்கையில் எல்லாப் படலைகளும் உள்பக்கம் பூட்டியிருந்தன. அண்ணியும் அவருடைய வயதான தகப்பனும் ஒரு தள்ளுவண்டிலில் அண்ணனை வைத்துச் சுடலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். அண்ணி போனார். தள்ள ஆள் இல்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகளாக அண்ணியின் மனதில் குண்டைவிடக் கனமாக இருந்தது அந்தப் பூட்டிய படலைகள்தான் என்பது அந்தத் தொலைபேசியில்தான் தெரிந்தது. எந்த நாட்டு ஆணைக்குழு இதை விசாரிக்கும் என்று யோசித்தேன். கொன்றவரைக் கூப்பிடலாம், கட்டளை கொடுத்தவரைக் கூப்பிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த ஓர் ஊரை எந்த மேசைக்கு முன்னால் நிறுத்துவது?

மூன்றாவது கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. மகள் எழும்பியபோது, ஏதோ மொழிபெயர்ப்பில் சந்தேகம் கேட்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் தமிழில் பேசினாள். கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான்.

"என்ரை பெரியப்பாவைச் சுட்டது ஆமி இல்லை. ஆரெண்டு நான் சொல்லேல்லை. அவரின்ரை செத்தவீட்டுக்கு ஊரிலை ஒருத்தரும் வரேல்லை. ஏன் வரேல்லையெண்டு பெரியம்மா கேக்கிறா. நீங்கள் எழுதின வசனத்துக்குள்ளை அதுக்கு இடம் இருக்கோ?"

சொல்லி முடித்துவிட்டுத் தலைமை தாங்கியவரின் பக்கம் குனிந்து, தான் சொன்னதைத் தானே நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அந்தப் பெண்மணி பேனையைக் கீழே வைத்தார்.

பிறகு மண்டபம் வெடித்தது.

"இதை ஆர் எழுதிக் குடுத்தது?"

"வெள்ளைக்காரிக்கு முன்னாலை எங்கடை வீட்டுக் குப்பையைக் கொட்டுறதோ?"

"சின்னப்பிள்ளை, விடுங்கோ. பெத்ததுகளைச் சொல்லவேணும்."

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பிக் கையைக் காட்டினார். வெஸ்ட்லியில் குடியிருப்பவர், எங்கள் ஊர், எங்கள் ஒழுங்கை. ஒஸ்லோவில் எத்தனையோ ஆண்டுகளாக அவரைக் காண்கிறேன். குளிர்காலத்துக் கார் ரயர், வரி, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசுவோம். "பிள்ளை, கதிரையிலை இருங்கோ. இது அதுக்கான இடம் இல்லை" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் அவர் சொல்லுக்கு மரியாதை இருந்தது.

"அப்ப எதண்ணை அதுக்கான இடம்?" என்று பின்னாலிருந்து கேட்டார், முதல் கூட்டத்தில் முஸ்லிம் மக்களைப் பற்றிக் கேட்ட அதே பெண். "இத்தினை வருசமா அந்த இடத்தை ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை."

அன்று வசனம் திருத்தப்படவில்லை. மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும் நேரமும் வந்துவிட்டது.

அடுத்த வாரங்கள் நான் எதிர்பார்த்தபடியே போயின. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் கணிதம் சொல்லிக்கொடுத்து வந்தேன். அடுத்த தவணைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கோயிலில் மனைவிக்குப் பக்கத்தில் வழக்கமாக இருப்பவர்கள் தூண் பக்கமாக நகர்ந்தார்கள். மகள் பள்ளியால் வரும் நேரத்துக்கு நான் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் போய் நிற்கத் தொடங்கினேன்.

"அப்பா, நான் சின்ன வகுப்பிலையிருந்து தனிய வாறனான். எல்லாரும் பாக்கினம், போங்கோ."

"பாண் வாங்க வந்தனான்."

"நேற்றும் பாண்தான் வாங்கினீங்கள்."

பனி கரைந்து நடைபாதைகளில் கல்லுப்பொடி மட்டும் மிஞ்சியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட்லிக்காரர் தொலைபேசி எடுத்தார். "வீட்டிலை நிப்பியளோ? நாங்கள் ஒருக்கா வரவேணும்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கத்தான் வருகிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மகளைச் சிநேகிதி வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை, கூடத்திலேயே புத்தகத்தை விரித்துக்கொண்டு இருந்தாள். மனைவி கேக் வெட்டி வைத்தாள். பேச வருகிறவர்களுக்கும் ஏதாவது வைக்கத்தானே வேண்டும் என்றாள்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த அம்மா கரையில்லாத ஒரு சாதாரணச் சேலை, பூவும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் ஒரு பிஸ்கட் பெட்டியாவது இல்லாமல் இன்னொரு வீட்டுப் படி ஏறமாட்டார்கள். வெறுங்கையோடு போவது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். எனக்கு அது பிடிபடவில்லை. மனைவிக்குப் பிடிபட்டுவிட்டது. வெட்டிய கேக்கைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தாள்.

பிறகு அவர், அண்ணனின் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கு நாங்கள் வீட்டிலைதான் இருந்தனாங்கள். ஐயா படலையைப் பூட்டிப்போட்டார். அம்மா குசினிக்குள்ளை இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதவ. நான் வேலிப் பொட்டுக்குள்ளாலை பாத்தனான். உங்கடை அண்ணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனவ. எங்கடை படலையடியிலை வண்டில் சில்லு ஒருக்காப் புதைஞ்சு நிண்டது."

"நீங்கள் ஏன் மாமா வெளியிலை வரேல்லை?" என்று கேட்டாள் மகள். சட்டத்தரணி மாதிரிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பயம், பிள்ளை. வேறை ஒண்டுமில்லை. பிறகு பயம் போக வெக்கம் வந்திட்டுது. வெக்கம் பயத்தைவிடக் கனகாலம் இருக்கும்."

"அப்ப ஏன் என்னை இருக்கச் சொன்னனீங்கள்?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டு போனால் நான் அழுதிடுவனெண்டு."

மகள் புத்தகத்தை மூடினாள். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. அந்த நேரத்தில் வந்ததே என்று இப்போதும் யோசிக்கிறேன். சில்லுப் புதைந்த இடத்தில் ஒரு கை கொடுத்திருக்கலாமே என்று தொண்டைவரை வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பதற்கு அது என்னிடம் இல்லை.

"கோடை லீவுக்கு ஊருக்குப் போறம்" என்றார் கடைசியில். "யாழ்ப்பாணப் பாதை திறந்திருக்குது. உங்கடை அண்ணியைப் போய்ப் பாக்கலாமோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

பிறகு இருவரும் எழும்பினார்கள். சப்பாத்தைப் போட்டார்கள். 'போட்டு வாறம்' என்று சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள். செத்தவீட்டிலிருந்து அப்படித்தான் போகவேண்டும். கதவைச் சாத்திவிட்டு மனைவி அழத் தொடங்கினாள். நானும்தான்.

அண்ணிக்கு அன்றே சொன்னேன். அவர் யோசித்துச் சொல்வார் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை.

"வரச்சொல்லுங்கோ. ஆனால் இருட்டுப்பட்டு வர வேண்டாம். பகலிலை வரட்டும். ரோட்டுப் பக்கத்துப் படலையாலை வரட்டும்."

கூட்டங்கள் அந்த வசந்தத்தோடு நின்றுபோயின. பேச்சுவார்த்தை இடைநின்றதும் ஆட்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. கடைசிக் கூட்டத்துக்கு வந்த சிலரோடு, 'அரச படைகளால்' என்ற இடத்தை 'எவராலேனும்' என்று திருத்தினோம். வெஸ்ட்லிக்காரர் எழும்பி நின்று கை உயர்த்தினார். நானும் அந்த முறை தேத்தண்ணி எடுக்கப் போகவில்லை. ஆண்டு எழுத வேண்டிய இடம் மட்டும் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. அந்த வசனத்தைத் தலைமை தாங்கிய பெண்மணி எங்கெங்கோ அனுப்பினார். பதில் வந்ததாக நினைவில்லை. பிறகு போர் திரும்பி வந்தது. அது வேறு கதை, எனக்கு இன்னும் எழுத வராத கதை. ஆனாலும், ஒரு நாட்டுக்கு உண்மையும் நல்லிணக்கமும் வரவே வராது என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த ஆடி மாதத்து வாரமொன்றில் எங்கள் ஒழுங்கை அளவுக்காவது அது வந்ததை நான் அறிவேன்.

அவர்கள் போயிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வந்தவையோ, அண்ணி?"

"வந்தவை. நல்ல வெய்யிலுக்கை, நடந்து வந்தவை. நான் படலையை விரியத் திறந்து வைச்சிருந்தனான். அவை முத்தத்திலை இருக்கிறதைப் பாத்திட்டு முன்வீட்டுக்காரி வந்தவ."

"அவவோ?"

"ஓம். இவ்வளவு காலமும் படலையடியிலை கறி குடுத்து வாங்கினது, அதைப் பற்றி ஒரு கதை இல்லை. வந்து இருந்தவ. பிறகு அவவின்ரை மூத்தவன். பிறகு சந்திக் கடைக்காரர், கடையைப் பூட்டிப்போட்டு வந்தவர். இன்னும் ஆரோ, முகம் எனக்கு மட்டுக்கட்ட ஏலேல்லை."

"என்ன கதைச்சவை?"

"ஒண்டுமில்லை. இருந்தவை. பின்னேரம்வரைக்கும் இருந்தவை."

"நீங்கள் சுகமா இருக்கிறியளோ, அண்ணி?"

"எனக்கென்ன. இவ்வளவு பேர் வருவினமெண்டு ஆர் கண்டது? தேத்தண்ணிக்குச் சீனி முடிஞ்சுபோச்சு. முன்வீட்டிலை ஓடிப்போய் வாங்கினனான். அதைத் திருப்பிக் குடுக்கவேணும். வைக்கட்டே, தம்பி?"

வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் மகள்.

"சீனி முடிஞ்சுபோச்சாம்" என்றேன்.